ரீயூனியன்: அறுபது யூரோ டாக்ஸியும் ஒரு தட்டு முருங்கைக் கீரையும்

பதினைந்து கிலோமீட்டருக்கு அறுபது யூரோ! ஊர் திரும்பி மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை. ரீயூனியன் தீவின் தலைநகர் சான் டெனியில் வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றும் பஸ் வரவில்லை. வேறு வழியில்லாமல் டாக்ஸியில் ஏறினேன். இறங்கும்போது நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட ஆறாயிரம் கேட்டார். ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருந்தாலும் இந்தத் தீவு பிரான்ஸ்தான். 1946-லிருந்து அந்நாட்டின் ஒரு மாவட்டம். செலவெல்லாம் யூரோவில். 2002-ல் யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தபோது ஐரோப்பாவுக்கு முன்பே இங்கே தேதி மாறிவிட்டதால், முதல் அதிகாரபூர்வக் கொள்முதல் இங்கேதான் நடந்தது: ஒரு கிலோ லிச்சிப் பழம்! ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை நம்பிப் போய்விடாதீர்கள். ரீயூனியன் அந்த வட்டத்தில் சேராது.

நான் அவ்வளவு கொடுத்துப் போனது கிராந்த் ஷலூப்புக்கு. மலைக்கும் கடலுக்கும் நடுவே, கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து அடைத்துவைத்த லசரே. கனத்த கருங்கல் சுவர். 1848 டிசம்பர் 20-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள், புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும். பக்கத்திலேயே இடுகாடு. அங்கே எனக்குப் பேச்சே வரவில்லை. டாக்ஸிக்காரர் மீது கோபம் உண்டு, போனதில் வருத்தமில்லை.

அப்படிக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகளை இங்கே 'மல்பார்' என்கிறார்கள். மலபாரிலிருந்து வந்தவர்கள் அல்லர் என்றாலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தீவின் பெயரும் அப்படித்தான் மாறி மாறி வந்தது: பூர்போன், ரீயூனியன், போனபார்ட், மறுபடி பூர்போன், 1848-ல் மறுபடி ரீயூனியன். ஆட்சி மாறினால் இங்கே பெயர்ப்பலகை மாறும்.

எரிமலை முழுக்க மேகத்தில் இருந்தது, விடுங்கள். வெனிலா மட்டும் சொல்லியே ஆகவேண்டும். 1841-ல் எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன்தான் அந்தப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டுபிடித்தான். உலகமே அந்த வெனிலாவைத் தின்கிறது. அவன் வறுமையில் செத்தான். அநியாயம்!

கடைசி நாள் சாந்த் ஆந்த்ரேயில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. சோறு, பீன்ஸ், ருகாய் என்ற காரமான தக்காளித் தொக்கு, ஓரத்தில் ஒரு கீரை. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "ப்ரேட் முரூம்" என்றார். ப்ரேட் என்றால் கீரை. முரூம்? நம்ம முருங்கையேதான்! அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. "முருங்கை" என்றேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, பில் எழுதும் நோட்டில் பிரெஞ்சு எழுத்தில் குறித்துக்கொண்டார். கேட்காமலேயே இன்னொரு கரண்டி கீரை வைத்தார்.