கோத்தகிரியில் காது நிறைந்த ஒரு மாலையும் காது கிழிந்த ஒரு காலையும்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் உடுமலையில் வந்து இறங்கினேன். உடம்பு முழுக்க அசதி, ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை, இரண்டு நாளாகக் கேட்ட சத்தமெல்லாம் காதுக்குள் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகத்தான் எழுத நினைத்தேன், அதெல்லாம் நடுவில் வரும். ஆனால் இப்போது எனக்குச் சொல்லியே ஆக வேண்டியது இரண்டு சத்தங்களைப் பற்றி. ஒன்று, நீலகிரியின் கோத்தர் பழங்குடியினர் ஊதும் கொள் என்கிற குழல், இத்தனை வருஷத்தில் நான் கேட்ட வாத்தியங்களிலேயே உயிரை உலுக்கியது. இன்னொன்று கோவிலில் மேளம் அடிக்கும் மெஷின், அதை வாத்தியம் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான். குன்னூர் வழியை விட இந்தப் பாதையில் நெரிசல் குறைவு. சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை, செலவும் கம்மி. நான் பஸ்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷம் வண்டி கிளம்பியதும் போய்விட்டது, தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். அதில் பக்திப் பாட்டுகளை "நாதஸ்வர இசை" என்று போட்டிருந்தார்கள். அது நாதஸ்வரமே இல்லை. கீபோர்டில் நாதஸ்வரம் என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்திவிட்டு வாசித்தது. ஒன்றரை மணி நேரம், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் காது அடைத்து அடைத்துத் திறக்க, திறக்கும்போதெல்லாம் அந்தத் தகரக் குரல்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நாதஸ்வரத்தை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். போன வருஷம் கும்பகோணம் பக்கம் போனபோது நரசிங்கம்பேட்டையில் ஒரு பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ஊர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் ஆச்சா மரத்து உத்திரங்களை வாங்கி வைத்துக் கடைகிறார்கள், மரம் அவ்வளவு வயசாகிக் காய்ந்திருந்தால்தான் குரல் நிற்குமாம். விரல் வைக்க ஏழு துளை, அதற்குக் கீழே இன்னும் சில துளைகள், அவற்றை மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். சீவாளியை, அதாவது வாயில் வைக்கும் நாணல் நாக்கை, உதட்டில் அழுத்துவதிலும், ஊதும் காற்றைக் கூட்டிக் குறைப்பதிலும், துளையைப் பாதி மூடுவதிலும்தான் அந்தக் குழைவு வருகிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அந்த பஸ் கீபோர்டோ படி படியாகத்தான் ஏறி இறங்கியது. தோடி ராகத்தைப் படிக்கட்டில் இறக்கினால் அது எப்படித் தோடி ஆகும்? கண்டக்டரிடம் "அண்ணா, கொஞ்சம் குறைச்சு வைக்கலாமா" என்று கேட்டேன். "பின்னாடி சீட்டுல கேக்கலைங்கறாங்க தம்பி" என்றார். சரி என்று காதில் துண்டைச் சுற்றிக்கொண்டேன்.

கோத்தகிரியில் அறை 900 ரூபாய். தை மாசக் குளிருக்கு வெந்நீர் காலை 6 மணியிலிருந்து 8 மணி வரைதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், அதில் குறை இல்லை. பக்கத்தில் கோவில் இருக்கிறது என்பதையும் சொன்னார்கள். நான் அதை நல்ல விஷயம் என்றே நினைத்தேன்.

காலை ஐந்தரை. கட்டிலே அதிர்கிறது. டங்கு டங்கு டங்கு டங்கு என்று முரசு, அதன் மேல் கணகணவென்று மணி, அதற்கும் மேல் சேகண்டி, மூன்றும் ஒரே வேகம், ஒரே அழுத்தம், மூச்சு விடாமல். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால் அர்த்த மண்டபத்துத் தூணோரம் இரும்புச் சட்டத்துக்குள் அந்த மெஷின். உங்கள் ஊர்க் கோவிலிலும் இருக்கும். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், பெல்ட் சுழலச் சுழலத் தூக்கித் தூக்கி விழும் குச்சிகள். இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். முரசின் தோலில் குச்சி விழும் இடம் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுத்துப் பளபளத்திருந்தது. மனுஷன் வாசித்தால் ஒரே புள்ளியில் ஆயிரம் தடவை அடிப்பானா? ஓரத்தில் தட்டுவான், நடுவில் தட்டுவான், கையால் அமுக்கி ஓசையை அடக்குவான். நடுவில் வோல்டேஜ் குறைந்தது போல, தாளம் அப்படியே தொய்ந்து இழுத்து, மறுபடி வேகம் பிடித்தது. உள்ளே தீபாராதனை முடிந்து திரை போட்டுவிட்டார்கள், யாரோ சுவிட்சை மறந்துவிட்டதால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தீபம் தூக்கும்போது தவில்காரர் தட்டை நிமிர்ந்து பார்த்து வேகம் கூட்டுவாரே, அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது வயிற்றைப் பிசைந்தது.

குருக்களிடம் கேட்டேன். "ஆள் இல்லீங்க. மாசச் சம்பளம் கொடுக்கக் கோவிலுக்கு வருமானமும் இல்ல. திருவிழாவுக்கு மட்டும் கீழே இருந்து மேளம் வரும்" என்றார். அவர் சொல்வது உண்மைதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆள் இல்லையென்றால் ஒரு கைமணி போதும் சாமி. கையால் ஆட்டும் மணியில் அந்தக் கையின் அசதி, அவசரம், பக்தி எல்லாம் கேட்கும். எனக்குப் பிடிக்காத சத்தம் எது என்று யார் கேட்டாலும் இனி இந்த மெஷினைத்தான் சொல்வேன். கீபோர்டு நாதஸ்வரம் அதற்கு அடுத்து. பிளாஸ்டிக் பீப்பீ, காற்று ஹாரன் எல்லாம் எவ்வளவோ பின்னால்.

அப்புறம் டாக்ஸி. என் நண்பனுடைய ஹட்டிக்கு, அதாவது படகர் ஊருக்கு, டவுனிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். டிரைவர் 1,200 கேட்டார். "மலை ஏத்தம் சார், டீசல் எப்படிக் குடிக்கும் தெரியுமா" என்றார். ரோடு முக்கால்வாசி இறக்கம்தான். பேசிப் பேசி 700-க்கு வந்தார். சாயங்காலம் திரும்பக் கூப்பிட வந்தபோது வெயிட்டிங் என்று இன்னொரு 400 போட்டார், காலையில் இறக்கிவிட்டதும் டவுனுக்குத் திரும்பிப் போய் இரண்டு சவாரி அடித்துவிட்டு வந்தவர். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கொடுத்துவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. ஏறும்போதே போக வர சேர்த்துப் பேசிவிடுங்கள். அவர் வண்டியில் ரிவர்ஸ் எடுத்தால் கீச்சுக் குரலில் ஒரு பாட்டு ஓடும், அதற்கே அவர்தான் எனக்குப் பணம் தர வேண்டும்.

நண்பன் வீட்டில் சாப்பிட்டதைச் சொல்லாமல் போகக் கூடாது. ராகி ஹிட்டு, நம்ம களிதான், நடுவில் குழி பறித்து நெய் விட்டு, கூடவே பச்சை அவரைக் கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. நண்பனின் அம்மா மூன்றாவது உருண்டையைக் கேட்காமலே வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு அவனோடு வேலை பார்க்கும் ஒருவரின் ஊருக்கு நடந்தோம். கோத்தர் ஊர். நீலகிரி முழுக்க அவர்களுக்கு ஏழே ஊர்கள்தான். கொல்லு வேலை, தச்சு, பானை செய்வது, அதோடு வாத்தியம், இதெல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தது. முன்பெல்லாம் படகர் வீட்டுச் சாவுக்கும் விழாவுக்கும் கோத்தர்தான் வந்து வாசிப்பார்களாம். இப்போது எங்கள் ஆட்டத்துக்கும் ஸ்பீக்கர்தான், கீபோர்டு ட்ராக்தான் என்று நண்பன் நடந்துகொண்டே சொன்னான், அவன் குரலே இறங்கிப் போனது.

நண்பனோடு வேலை பார்க்கும் அந்தக் கோத்தரின் பெரியப்பாவுக்கு எழுபது இருக்கும். திண்ணையில் உட்கார வைத்து வர்க்கியும் டீயும் கொடுத்த பிறகுதான் பேச்சையே எடுத்தார். வாத்தியத்தின் பேர் கொள். அதில் வாசிக்கிற மெட்டுக்கும் அதே பேர்தான், கொள். சாமிக்கு ஒரு வகை, ஆட்டத்துக்கு ஒரு வகை, சாவுக்கு ஒரு வகை. "சாமிக் கொள் கோவில்லதான். சாவுக் கொள் மெட்டை வீட்டுல வாயால முனகக்கூட மாட்டோம். உங்களுக்கு ஆட்டக் கொள் வாசிக்கிறேன்" என்றார்.

அதற்கு முன்னால் தீ மூட்டினார்கள். முற்றத்தில் சுள்ளியைப் போட்டுக் கொளுத்தி, தபட்க் என்கிற வட்டமான பறையையும் இரண்டு உருளை மேளங்களையும் (பெரியது டோபர், சின்னது கிண்வர்) தோல் தீயைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தார்கள். எங்கள் பக்கம் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்தக் குளிரிலும் பனியிலும் அது எவ்வளவு அவசியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முதலில் ஒரு பையன் விரலால் சுண்டியபோது நனைந்த அட்டை மாதிரி தொப் என்றது. கொஞ்சம் காய்ந்ததும் திருப்பிச் சுண்டினான், தொம். இன்னும் கொஞ்சம். ஐந்தாறு நிமிஷத்தில் ணங் என்று எதிர்ச் சரிவில் போய் மோதியது. தோல் இறுக இறுகக் குரல் ஏறுவதைப் படிப்படியாக அப்படிக் கேட்டது எனக்கு முதல் தடவை.

பெரியவர் கொள்ளின் நாக்கை வாயில் வைத்து எச்சிலில் ஊற வைத்துக்கொண்டிருந்தார். மரக்குழல், ஆறு துளை, நாதஸ்வரத்தை விட எவ்வளவோ சின்னது. ஊத ஆரம்பித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நிமிஷம் எனக்குப் பிடிக்கவில்லை. திண்ணையில் மூன்றடி தூரத்தில் காதைத் துளைக்கிற குரல் அது. மெட்டு ஒரு நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றுகிறது. தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன், மேளம் ஒரு கணக்கில் போகிறது, கொள் அதன் மேல் மிதக்கிற மாதிரி தன் போக்கில் போகிறது, நம் கச்சேரியில் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழுவது போல விழவே இல்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது, சத்தம் ஒரு நொடிகூட அறுபடவில்லை. கன்னத்தில் அடக்கிய காற்றைத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்கிறார். எழுபது வயசில் இப்படி ஏழெட்டு நிமிஷம். கழுத்து நரம்பு புடைத்து அடங்குவதைப் பார்த்தால்தான் எங்கே மூச்சு வாங்கினார் என்றே தெரிந்தது.

அப்போது நண்பன் என் கையைப் பிடித்து இழுத்தான். "இங்க நின்னா கேக்காதுடா, கீழ வா" என்றான். தேயிலைக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச் சரிவில் ஏறி நின்றோம். இருநூறு முந்நூறு அடி தூரம் இருக்கும். மூடுபனி ஏற ஆரம்பித்திருந்தது, வீடுகள் தெரியவில்லை. அங்கிருந்து கேட்டபோது கொள்ளின் கூர்மையெல்லாம் பனியில் தேய்ந்து, ஒற்றைக் குரலாக, யாரோ மலைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிற மாதிரி வந்தது. மேளம் காலுக்குக் கீழே மண்ணிலிருந்து வந்தது. நடுவில் ஒரு தடவை கொப் ஊதினார்கள், பிறை மாதிரி வளைந்த பித்தளைக் கொம்பு, அந்த ஒரே நீண்ட குரலுக்குப் பள்ளத்தாக்கு மொத்தமும் பதில் சொன்னது. இது திண்ணைக்கோ ஹாலுக்கோ செய்த வாத்தியம் இல்லை, இந்தச் சரிவுக்கும் இந்தக் காற்றுக்கும் செய்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நண்பனும் பேசவில்லை.

இதுவரை எனக்குப் பிடித்த சத்தம் என்றால் உறுமியைத்தான் சொல்வேன். தை மாசம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள், காவடிக்கு முன்னால் ஒருவர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்க அது அடிவயிற்றிலிருந்து உறுமும். நாதஸ்வரமும் தவிலும் சொல்லவே வேண்டாம், அவற்றோடுதான் வளர்ந்தேன். இப்போது கொள் அவற்றுக்கெல்லாம் மேலே போய் உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு சாயங்காலம் கேட்டதற்கே இப்படி என்றால் அவசரப்படுகிறேன் என்று சிலர் சொல்லலாம். பரவாயில்லை, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

திரும்பி வந்து பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். ஏதாவது கொடுக்கலாமா என்று தயங்கியபோது, "காசுக்கு வாசிக்கலைங்க. எங்க பசங்க நாலு பேர் கத்துக்கறாங்க, அது போதும்" என்றார். தபட்க் காய்ச்சிய பையன் அவர்களில் ஒருவன், பத்தாவது படிக்கிறானாம்.

செலவு கேட்பவர்களுக்கு: பஸ், அறை, சாப்பாடு, அந்த டாக்ஸி எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய். டாக்ஸி மட்டும் இல்லையென்றால் இரண்டாயிரம் சொச்சத்தில் முடிந்திருக்கும். கோவிலுக்குப் பக்கத்தில் அறை எடுக்கிறவர்கள் அங்கே மெஷின் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆடியோ எங்கே என்று கேட்காதீர்கள். வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே பெரியவர் என் போனைப் பார்த்து, "அதை உள்ள வெச்சுருங்க தம்பி" என்றார், வைத்துவிட்டேன்.