எங்கள் பழ ஈக்கள் 3:1-ல் பிறக்கவில்லை

விலங்கியல் இளங்கலையில் மூன்றாவது செமஸ்டர் வந்ததும் எங்களுக்கு மரபியல் அறிமுகப் பாடம் தொடங்கியது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. காலையில் தியரி, வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க பிராக்டிகல். மெண்டல், பிணைப்பு (ஒரே குரோமோசோமில் உள்ள ஜீன்கள் சேர்ந்தே கடத்தப்படுவது), பால்சார்ந்த மரபுரிமை, குரோமோசோம் மாற்றங்கள் என்று பாடத்திட்டம் வழக்கமான வரிசையில்தான் இருந்தது. இந்தப் பாடம் எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றுதான்: தியரியில் வந்த எண்ணும் லேபில் வந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை.

பிளஸ் டூவில் மெண்டல் என்றால், அடுத்த தலைமுறைகளில் எந்தப் பண்பு எந்த விகிதத்தில் வரும் என்று கட்டம் போடுவதுதான். நான்கு கட்டம் போட்டால் 3:1, பதினாறு கட்டம் போட்டால் 9:3:3:1. கட்டத்துக்குள் எழுத்துகளை நிரப்பினால் மதிப்பெண் கிடைத்துவிடும். கல்லூரியில் மேடம் முதல் வகுப்பில் கட்டமே போடவில்லை. கரும்பலகையில் 5474, 1850 என்று இரண்டு எண்களை மட்டும் எழுதினார். 1866-ல் வெளியான கட்டுரையில் மெண்டல் கொடுத்த பட்டாணிக் கணக்கு அது. உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. வகுத்துப் பார்த்தால் 2.96 வருகிறது, 3 வரவில்லை. அப்புறம் அதே கட்டுரையிலிருந்து இன்னும் இரண்டு செடிகளின் கணக்கை எழுதினார். ஒரு செடியில் உருண்டை 43, சுருங்கியது 2. இன்னொன்றில் உருண்டை 14, சுருங்கியது 15. இரண்டும் ஒரே சோதனையில் வந்த செடிகள். "இந்த ரெண்டாவது செடியை மட்டும் பார்த்திருந்தா மெண்டல் என்ன முடிவுக்கு வந்திருப்பார்?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றார். வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வி பல நாள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

லேபில் முதலில் வெங்காய வேர். எங்கள் லேப் அண்ணா பெரிய வெங்காயத்தோடு சின்ன வெங்காயமும் தண்ணீர் டம்ளர் வாயில் உட்கார்த்தி வைத்திருந்தார். இரண்டிலும் குரோமோசோம் 16தான். வேர் நுனியைக் காலையிலேயே வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் சேர்ந்த கரைசலில் போட வேண்டும். பிறகு சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம். அசிட்டோகார்மின் சாயம் ஏறியதும் கவர் ஸ்லிப் வைத்து, மேலே பிளாட்டிங் பேப்பர் போட்டு, கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் லேசாக நகர்ந்தாலும் செல்கள் உருண்டுவிடும். பெரும்பாலான செல்கள் பிரியாமல் சும்மாதான் இருக்கும். எங்கோ ஓரிடத்தில் சிவப்பு நூல்கள் இரண்டு பக்கமாக விலகிக்கொண்டிருக்கும். அனாஃபேஸ் என்று படத்தில் பார்த்தது முதன்முதலாகக் கண்ணுக்கு எதிரே வந்தபோது மைக்ராஸ்கோப்பை விட்டு எழ மனமே வரவில்லை.

அதன்பிறகு வெட்டுக்கிளி விந்தகத்தில் மியோசிஸ் (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு), ரத்த வகை, சிலருக்கு மட்டும் கசக்கும் பிடிசி தாளைச் சுவைத்துப் பார்ப்பது என்று சில வாரம் ஓடியது. பழ ஈ வந்ததும்தான் லேப் சூடுபிடித்தது.

ரவை, வெல்லம், அகார் சேர்த்துக் காய்ச்சி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் புரோபியோனிக் அமிலம் விட்டு, பாட்டிலில் ஊற்றி, ஆறியதும் ஈஸ்ட் தூவ வேண்டும். இதுதான் ஈக்களின் உணவு, வீடு எல்லாம். லேப் முழுக்க வெல்லப்பாகும் புளித்த மாவும் கலந்த வாசனை. எங்களுக்குக் கொடுத்த ஜோடி: இறக்கை குட்டையாகச் சுருண்ட வெஸ்டிஜியல் பெண் ஈ, சாதாரண இறக்கை உள்ள ஆண் ஈ. வெஸ்டிஜியல் ஒடுங்கு பண்பு, அதாவது அதன் ஜீன் தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அந்த ஜீன் இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. பெண் ஈ ஒருமுறை சேர்ந்துவிட்டால் விந்தணுக்களை உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் கூட்டிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைப் பிரித்தாக வேண்டும். காலையில் லேப் திறந்ததும் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, மதியம் புதிதாக வந்தவற்றை எடுப்போம். வெளிறிய உடல், வயிற்றில் ஒரு கரும்புள்ளி, அதுதான் புது ஈக்கு அடையாளம். ஆண் ஈயின் வயிற்று நுனி கறுத்திருக்கும், முன்னங்காலில் சீப்பு மாதிரி மயிர்வரிசை இருக்கும். ஈதர் காட்டி மயக்கி, வெள்ளைத் தாளில் கொட்டி, தூரிகை நுனியால் தள்ளித் தள்ளிப் பார்ப்போம். ஈதர் அதிகமானால் இறக்கை செங்குத்தாக விறைத்து நிற்கும். அப்படி நின்றால் ஈ பிழைக்காது.

முதல் தலைமுறையில் எல்லா ஈக்கும் இறக்கை முழுதாக இருந்தது. தியரி சொன்னபடியே. அவற்றைத் தங்களுக்குள் சேரவிட்டு இரண்டாவது தலைமுறையை எண்ணினோம். எங்கள் குழுவின் மொத்தம் 212. இறக்கை முழுதாக உள்ளவை 170, வெஸ்டிஜியல் 42. 3:1 என்றால் 159-ம் 53-ம் வந்திருக்க வேண்டும்.

சீனியர் அக்கா ஒருவரின் ரெக்கார்டு நோட்டு வகுப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் 150க்கு 50 என்று கச்சிதமாக இருந்தது. இந்தப் பழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. ரெக்கார்டு என்பது சரியான விடையை எழுதும் இடம் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இது உண்மையிலேயே கெடுதல் என்பது என் கருத்து. ஈயை வளர்த்து, மயக்கி, கண் வலிக்க எண்ணிவிட்டு, கடைசியில் எண்ணாமலே எழுதக்கூடிய ஒன்றை எழுதினால் அந்த உழைப்புக்கு என்ன அர்த்தம்? மேடம் அன்று சொன்னது: "எண்ணினதை எழுதுங்க. பொருந்தலைன்னா ஏன்னு அடுத்த பக்கத்துல எழுதுங்க. மார்க் அந்தப் பக்கத்துக்குத்தான்."

அந்த வாரம்தான் கை ஸ்கொயர் சோதனையைக் கற்றுக்கொடுத்தார். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்ட வேண்டும். எங்களுக்கு வித்தியாசம் இரண்டு பக்கமும் 11. 121-ஐ 159-ஆல் வகுத்தால் 0.76, 53-ஆல் வகுத்தால் 2.28. கூட்டினால் 3.04. அட்டவணையில் எல்லை 3.84. அதைத் தாண்டவில்லை என்பதால் இது தற்செயலாகவும் வந்திருக்கலாம், 3:1-ஐ நிராகரிக்க இது போதாது. சரி, தப்பித்தோம் என்று நினைத்தோம்.

மேடம் அதோடு விடவில்லை. எல்லாக் குழுக்களின் எண்களையும் பலகையில் எழுதிக் கூட்டச் சொன்னார். மொத்தம் 1048 ஈக்கள். இறக்கை உள்ளவை 831, வெஸ்டிஜியல் 217. எதிர்பார்த்தது 786-ம் 262-ம். கணக்குப் போட்டால் கை ஸ்கொயர் 10.3. எல்லையை எங்கோ தாண்டிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தபோது தற்செயல் மாதிரித் தெரிந்தது, சேர்த்துப் பார்த்தால் தற்செயல் இல்லை. எல்லாக் குழுவிலும் குறைந்தது ஒரே பக்கம்தான், வெஸ்டிஜியல் பக்கம்.

அப்படியானால் மெண்டல் தப்பா? இல்லை. கருவுற்ற முட்டை உருவாகும்போது நாலில் ஒன்று என்ற கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். நாம் எண்ணுவது அந்த முட்டையை அல்ல, பிழைத்து வந்த ஈயை. வெஸ்டிஜியல் ஈக்களின் பிழைப்புத் திறன் குறைவு. பறக்க முடியாததால் ஈரமான ரவைக் களியில் ஒட்டிக்கொண்டு செத்தும் போகின்றன. எங்கள் பாட்டில்களின் அடியில் அப்படி ஒட்டிக் கிடந்தவற்றைப் பார்த்திருந்தோம், கணக்கில் சேர்க்கவில்லை. பிறப்பு விகிதம் வேறு, பிழைப்பு விகிதம் வேறு என்பதை எத்தனை கட்டம் போட்டிருந்தாலும் நான் இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டேன். மெண்டலின் எண்கள் எதிர்பார்ப்புக்கு அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கின்றன என்று 1936-ல் புள்ளியியலாளர் ஃபிஷர் எழுதியதையும் அன்றுதான் கேள்விப்பட்டோம். பொருந்தாமல் போவது மட்டுமல்ல, ரொம்பவும் பொருந்திப்போவதும் சந்தேகத்துக்கு இடம் தரும் என்பது எனக்குப் புதிது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழ ஈக்கு 25 டிகிரி வசதி. எங்கள் லேபில் ஏசி கிடையாது. வெயில் ஏறும் நாட்களில் லேப் அண்ணா பாட்டில்களைத் தண்ணீர் ட்ரேயில் நிறுத்தி ஈரத் துணி சுற்றி வைப்பார். சூடு 30 டிகிரியைத் தாண்டினால் வெஸ்டிஜியல் ஈயின் இறக்கை வழக்கத்தைவிட நீளமாக வளரும். ஜீன் அதேதான், தோற்றம் மட்டும் மாறுகிறது. இரண்டு மூன்று ஈக்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று நாங்கள் குழம்பி நின்றதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

தியரி வகுப்பில் இதற்கு இணையாக அமெரிக்க மரபியலாளர் மோர்கனின் ஈக்கள் வந்தன. 1910-ல் அவர் கண்ட வெள்ளைக்கண் ஆண் ஈ, 1913-ல் அவருடைய மாணவர் ஸ்டர்ட்வன்ட் வெளியிட்ட, ஜீன்களின் வரிசையைக் காட்டும் முதல் வரைபடம். அந்த வரைபடத்தின் யோசனை தோன்றியபோது ஸ்டர்ட்வன்ட் எங்களைப் போல இளங்கலை மாணவர். பிணைப்பு என்பதே 9:3:3:1 வராமல் போன எண்களிலிருந்து பிறந்ததுதான். அதைக் கேட்கும்போது எங்கள் 831க்கு 217 மேல் மரியாதை கூடியது.

செமஸ்டர் கடைசியில் இங்கேயே உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்கு அழைத்துப் போனார்கள். 1912-ல் தொடங்கியது. இந்தியாவில் கரும்பு நன்றாகப் பூக்கும் ஊர்களில் கோயம்புத்தூர் ஒன்று என்பதால்தான் இங்கே வைத்தார்கள். பூக்காமல் கலப்பு செய்ய முடியாதே. விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் இங்கே உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளிவந்தது. தாய் வெள்ளை என்ற இனிப்புக் கரும்பு, தந்தை நம் ஊர் ஓடையோரத்தில் வளரும் காட்டுக் கரும்பு. தாய்க்கு குரோமோசோம் 80, தந்தைக்கு 64. நாங்கள் படித்தபடி பாதியும் பாதியும் சேர்ந்தால் 40-ம் 32-ம், ஆக 72. ஆனால் கோ 205-ல் இருப்பது 112! தாய் தன் 80-ஐயும் பாதியாக்காமல் முழுசாகக் கொடுத்துவிட்டது, தந்தைதான் 32. இந்த வினோதத்தை 1920-களில் ஜாவாவில் கரும்பை ஆராய்ந்த பிரெமர் கவனித்து எழுதினார். இனிப்புக் கரும்புக்கும் காட்டுக் கரும்புக்கும் கலப்பு செய்யும்போது இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

இதே வளாகத்தில் 1930-களில் ஜானகி அம்மாள் கரும்புக் குரோமோசோம்களை எண்ணியிருக்கிறார். சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர். பிரிட்டிஷ் விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945-ல் கொண்டுவந்தார். நாங்கள் வெங்காய வேரை அழுத்திப் பதினாறை எண்ணவே திணறும்போது, நூறுக்கு மேல் குரோமோசோம் உள்ள கரும்பில் அவர் எவ்வளவு பொறுமையோடு எண்ணியிருப்பார்! எங்கள் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. இந்த ஊரில் மரபியல் படிக்கும் பிள்ளைகளுக்காவது அவரைச் சொல்லித்தர வேண்டும்.

லேபில் பழ ஈப் பாட்டில்களை இன்னும் மூடவில்லை. அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் நானும் என் தோழியும் மேடத்திடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். இந்த முறை முதல் தலைமுறை ஈயை வெஸ்டிஜியலோடு திருப்பிக் கலப்பு செய்யப்போகிறோம், 1:1 வர வேண்டும். அகார் கொஞ்சம் கூட்டி, களியைக் கெட்டியாக்கி, மேலே மடித்த தாள் சொருகி ஒரு வரிசை. பழைய மாதிரி ஈரக் களியில் இன்னொரு வரிசை. ஒட்டிச் செத்தவற்றையும், வெளிவராமல் காய்ந்த கூட்டுப்புழுக்களையும் தனிப் பத்தியில் எழுதுவோம். கெட்டிக் களியில் வெஸ்டிஜியல் எண்ணிக்கை ஏறினால் ஒட்டிச் சாவதுதான் முக்கியக் காரணம் என்று சொல்லலாம். ஏறாவிட்டால் புழுப் பருவத்திலேயே எங்கோ குறைகிறது, அப்போது முட்டையிலிருந்து எண்ண ஆரம்பிக்க வேண்டும்.