கொலைகாரனுக்கு என்ன சத்தம் வைப்பது?

சினிமாவில் ஒலிப்பதிவுப் பக்கம் வேலை செய்கிறேன். சீரியல் கில்லர் கதை வந்தால் மிக்ஸிங் அறையில் தவறாமல் கேட்கும் வசனம், "பயமே வரலையே, சத்தத்த ஏத்துங்க" என்பதுதான். ஏற்றினால் படம் பார்க்கிற ஆள் திடுக்கிடுவான், அவ்வளவுதான். அடுத்த நொடியே பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரித்தும் விடுவான். வீட்டுக்குப் போய் கதவைப் பூட்டினோமா என்று இரண்டாவது தடவை எழுந்து பார்க்க வைப்பது வேறு வேலை.

அந்த வேலை பெரும்பாலும் அவசரமே இல்லாத சத்தங்களில் இருக்கிறது. கொலை முடிந்தபின் அவன் குழாயைத் திறக்கிறான், கை கழுவுகிறான், துண்டை மடித்து வைக்கிறான். இதற்கு ஃபோலி, அதாவது திரையில் நடப்பதைப் பார்த்து அதற்கான சத்தங்களை ஸ்டுடியோவில் செய்து பதிவு செய்யும்போது ஒவ்வொன்றையும் சாதாரண வேகத்தில், ஏதோ அலுவலகம் முடிந்து வந்தவன் மாதிரி செய்யச் சொல்வேன். அவனுக்குப் பதற்றமில்லை என்று காதுக்குத் தெரிந்தால் போதும், நமக்குப் பதற்றம் வந்துவிடும். கனமான பூட்ஸ், கரகரத்த மூச்சு எல்லாம் வைத்தால் அவன் ராட்சசனாகிவிடுவான். ராட்சசன் நம் தெருவில் இல்லையே என்று பார்ப்பவருக்கு நிம்மதிதான்.

இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த ஜெர்மன் படமான 'எம்' அவருடைய முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்பவனுக்கு அதில் ஒரு சீட்டிதான் அடையாளம், நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் எழுதிய ஒரு மெட்டு. சிறுமியின் சாவைக் காட்டவே மாட்டார். உருண்டு வந்து நிற்கும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன், சாப்பாட்டு மேஜையில் காலித் தட்டு. கடைசியில் அவனைக் கண்டுபிடிப்பது கண் தெரியாத பலூன்காரர், அதுவும் அந்தச் சீட்டியை வைத்து. சத்தம் சினிமாவுக்குள் வந்த கொஞ்ச நாளிலேயே ஒருத்தர் இவ்வளவு யோசித்திருக்கிறார், நாம் இன்னும் வால்யூமைத் திருகிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக இசையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1960இல் வந்த 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சிக்கு இசை தேவையில்லை என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து எழுதியதைக் கேட்டபிறகு மனசை மாற்றிக்கொண்டார். கத்திக் குத்துக்கு முலாம்பழ வகை ஒன்றைக் குத்தித்தான் ஒலி எடுத்தார்கள். அந்த அலறும் வயலின் அங்கே எடுபடுவதற்குக் காரணம், அதற்கு முன்னால் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் இருப்பது. இதைக் கவனிக்காமல் படம் முழுக்க வயலினை அலறவிட்டால் கொலை வரும்போது காது மரத்துப்போயிருக்கும்.

எனக்கு எரிச்சல் தருவது இன்னொன்று: கடைசி அரைமணியில் வரும் சின்ன வயசு ஃப்ளாஷ்பேக். அப்பா அடித்தார், பள்ளியில் கேலி செய்தார்கள், சோகமாக ஒரு புல்லாங்குழல். காரணம் கையில் கிடைத்ததும் பயம் போய்விடுகிறது. தென்கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' 2003இல் வந்தபோது அதற்கு அடிப்படையான, அந்நாட்டின் ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர் கொலைகளைச் செய்தவன் யாரென்றே தெரியாது, 2019இல்தான் அடையாளம் கண்டார்கள். படமும் பதில் சொல்லாமல், துப்பறிந்தவர் கேமராவை நேராகப் பார்ப்பதோடு முடிகிறது.

செத்துப்போகிறவர்களுக்கும் கொஞ்சம் சத்தம் வேண்டும். ஒரு பெண் கதைக்குள் வந்ததும் சாகப்போகிறாள் என்றால், அவள் தொலைபேசியில் யாருடனோ சண்டை போடும் அரை நிமிடத்தையாவது வெட்டாதீர்கள் என்று எடிட்டரிடம் கேட்பேன். பாதி நேரம் நீளம் என்று வெட்டிவிடுவார்கள். அலறலை மட்டும் நீளமாக வைத்திருப்பார்கள்.