தடைக்காலமும் போன் பேட்டியும்

ஏப்ரல் 8

தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு காசிமேட்டுக்கும் வியாசர்பாடிக்கும் போன் போட்டுப் பேட்டி எடுப்பது அம்மாவுக்கு வேடிக்கையாக இருக்கிறது. "ஷேர் ஆட்டோல ஏறினா போயிடலாம், நேர்ல கேட்டா என்ன?" என்கிறார். ஹவுசிங் போர்டு படிக்கட்டில் நோட்டும் கையுமாக ஒரு புதுமுகம் ஏறினால், மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் யார் வீட்டுக்கு, எதற்கு என்று நாலு பேர் விசாரித்துவிடுவார்கள். எங்கள் ஆய்வுக்காகப் பெண்களிடம் நாங்கள் கேட்கப்போவதோ வீட்டுக்குள் கணவரிடம் விழும் அடியைப் பற்றி.

இங்கே நான் எழுதப்போவது வேலையைப் பற்றி மட்டும். அந்தப் பெண்கள் பட்டதைச் சொன்னது எதுவும் வராது. மற்ற விவரங்களையும் ஆள் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுவேன்.

ஏப்ரல் 11

பயிற்சி முடிந்தது. குடும்ப வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட நெறிமுறைகளைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறோம். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும். வெளியே ஆய்வுக்குப் பொதுவான ஒரு பெயர். அவளிடம் மட்டும் முழு விவரம். தேசியக் குடும்ப நல ஆய்விலும் தனிமை கிடைக்காவிட்டால் வன்முறை பற்றிய பகுதியைக் கேட்காமல் விட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்டே 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் (18 முதல் 49 வயது) 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நேரில் போகிறவர் கதவருகே யார் நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்குக் காது ஒன்றுதான்.

ஏப்ரல் 17

15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கணவர் கடலில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் காசிமேட்டுக்குப் போட்டு வைத்திருந்த அட்டவணை மொத்தமும் வீண். ஆட்கள் வீட்டில் இருக்கிறார்கள், கையில் காசு இல்லை, போனும் பாதி நேரம் அவர்களிடம். பேட்டி தேவைப்படும் மாதமும் இதுதான், எடுக்க முடியாத மாதமும் இதுதான்.

அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்களையே நேரம் சொல்லச் சொன்னோம். ஒரு அக்கா, "ரெண்டு மணிக்கு மேல வலை வேலைக்குப் போயிடுவாரு. நானே மிஸ்டு கால் குடுக்கறேன், நீங்களா பண்ணாதீங்க" என்றார்.

ஏப்ரல் 24

வெளியே சொல்ல என்ன காரணம் என்பதிலும் அவர்கள்தான் கெட்டி. மகளிர் குழு லோன் என்று சொல்லலாமா என்று யோசித்தோம். "ஐயோ வேணாம், காசு வருதுன்னு பக்கத்துலயே வந்து உக்காந்துக்குவாரு. சுகர், பிரஷர்னு சொல்லுங்க, எழுந்து போயிடுவாரு." சரி, உடல்நல ஆய்வு என்றே வைத்துக்கொண்டோம்.

முதலில் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகள்: தனியாக இருக்கிறீர்களா, ஸ்பீக்கரில் இருக்கிறதா. யாராவது வந்தால் "மாத்திரை தீந்துபோச்சு" என்பார். உடனே சர்க்கரை பற்றிய கேள்விகளுக்குத் தாவிவிட வேண்டும். இன்று அது நடந்தது. "யாரு?" என்று ஒரு ஆண் குரல். "பிரஷர் கேக்கறாங்க." அடுத்த நிமிடம் அவரே போனை வாங்கி, தனக்கு ராத்திரியில் கால் எரிகிறது, சுகராக இருக்குமா என்று ஆரம்பித்துவிட்டார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். போனை வைத்த பிறகு எனக்குக் கை நடுங்கியது.

மே 3

இன்று முழுக்கத் தடயங்களைப் பற்றிய பேச்சு. பேசும் நேரத்துக்கு நாங்கள் தரும் தொகையை ஜிபேயில் அனுப்பினால் பேங்க் மெசேஜ் கணவரின் எண்ணுக்குப் போகலாம். ரீசார்ஜ் செய்தாலும் மெசேஜ் வரும். எதில் வேண்டும் என்று அவரிடமே கேட்கிறோம். சிலர் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்புவதில்லை, இன்னொரு கருவியில் இணைத்து வைத்திருந்தால் தெரியாது. கால் லாக்கை அழிக்கச் சொல்லலாமே என்றார் ஒரு சக ஊழியர். தினமும் போனை வாங்கிப் பார்க்கிற வீட்டில் லாக் காலியாக இருந்தால் அதுவே வம்பு. இருக்கட்டும், கேட்டால் சொல்லப் பிரஷர் இருக்கிறது.

181 மகளிர் உதவி எண்ணை வாயால்தான் சொல்கிறோம். மூன்றே இலக்கம், மனதில் நிற்கும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். புகார் கொடுத்தால் முதலில் தான்தான் தெருவுக்கு வரவேண்டும் என்று நம்புகிறவர்கள் நிறைய.

மே 12

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி நாங்கள் புகார் செய்தாக வேண்டும். ஒப்புதல் கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறோம். இன்று ஒருவர் அதைக் கேட்டதும் வைத்துவிட்டார். அந்த வரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளலாமா என்று ஆபீசில் ஒரு யோசனை. ஒருத்தியைப் பேசவைத்துவிட்டு அப்புறம் விதியைச் சொல்வது பொறி வைப்பது. எனக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மே 21

மேலாளரோடு வாக்குவாதம். பாதியில் நின்ற பேட்டிகளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். அவற்றில் பெரும்பாலானவை ஆள் வந்துவிட்டதால் நின்றவை. அவற்றைத் தள்ளிவிட்டால், தனியாக அரைமணி நேரம் கிடைக்கிற பெண்களின் கதைதான் அறிக்கையில் மிஞ்சும். வாய் திறக்கவே விடாத வீடுகள் காணாமல் போய்விடும். எந்தக் கேள்வியில் நின்றது, ஏன் நின்றது என்று தனியாகப் பதிவு செய்யலாம் என்பதுவரை ஒப்புக்கொண்டார். பாதிப் பேட்டிக்கும் முழுத் தொகை தரவும் ஒப்புக்கொண்டார். அதற்குத்தான் அதிகம் இழுத்தார்.

ஜூன் 14ஆம் தேதியோடு தடை முடிகிறது. படகுகள் போன பிறகு காசிமேட்டில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மறுபடி கூப்பிடச் சொன்னவர்களை மட்டும்தான். மற்ற எண்களை இன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.