பெட்டூனியா விதை, மூணாவது வருஷம்: இந்த தடவை ஹால்ல

சென்னையில டிசம்பர் ஜனவரியில பெட்டூனியா பூக்கணும்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல விதை போட்டாகணும், ஆனா கரெக்டா அப்பதான் ஐப்பசி மழை ஊத்தும். முதல் வருஷம் மொட்டை மாடியில வச்ச ட்ரேயை மழை கழுவிட்டுப் போச்சு. போன வருஷம் விதை மேல நல்லா மண்ணைப் போட்டு மூடிட்டு 20 நாள் வெறும் கோகோபீட்டுக்கு (தேங்காய் நார்த்தூள்) தண்ணி தெளிச்சிட்டிருந்தேன். இது முளைக்க வெளிச்சம் வேணும், மேலாப்புல வச்சா போதும், மூடவே கூடாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வெண்டைக்காய் போட்டு பழகின கை, என்ன பண்றது.

அக்டோபர் 2. கோகோபீட்டை மூணு தண்ணி அலசி உப்பு போக பிழிஞ்சு, சலிச்ச மண்புழு உரம் கால் பங்கு கலந்தேன். விதை கசகசாவை விட பொடிசு, 1 கிராம்ல கிட்டத்தட்ட 10,000 நிக்கும். பல்குத்தற குச்சி நுனியை தண்ணியில தொட்டு ஒவ்வொண்ணா ஒத்தி எடுத்து, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு மூச்சையும் பிடிச்சுக்கிட்டு 40 குழியில வச்சேன். மேல புது பெட்ஷீட் வந்த பிளாஸ்டிக் கவர். எறும்பு தூக்கிட்டுப் போயிடும்னு தாம்பாளத்துல தண்ணி ஊத்தி அதுல நாலு கிண்ணத்தைக் கவுத்து அதுமேல ட்ரே. அம்மா பாத்துட்டு "சாமிக்கு படையலாடா?"ன்னாங்க.

8ஆம் தேதி காலையில டார்ச் அடிச்சு பாத்தா அங்கங்க பச்சை புள்ளி. 12க்குள்ள 33 வந்துடுச்சு. அப்ப பாத்து நாலு நாள் வெயிலே இல்ல, எல்லாம் ஜன்னல் பக்கம் நூல் மாதிரி நீண்டு சாஞ்சுது. 20 வாட்ஸ் எல்இடி ட்யூப்லைட் ஒண்ணை டைனிங் டேபிளுக்கு அடியில கட்டினேன், முதல்ல ரெண்டடி உயரத்துல, ஒரு பிரயோஜனமும் இல்ல, அரை அடிக்கு இறக்கி தினம் 14 மணி நேரம் எரிய விட்டதும்தான் நீளறது நின்னுச்சு.

அதுக்குள்ள அடுத்த தலைவலி. 15ஆம் தேதி ஒரு நாத்து படுத்திருக்கு, இலை பச்சையாதான் இருக்கு, ஆனா தண்டு மண்ணைத் தொடற இடத்துல நகத்தால கிள்ளின மாதிரி சுருங்கி பழுப்பா இருக்கு. மறுநாள் பக்கத்துக் குழி. மூணே நாள்ல 11 காலி. நாத்தழுகல். தப்பு முழுக்க என்னோடதுதான், முளைச்சதும் கவரை எடுக்காம, ரெண்டு வேளையும் மேலேர்ந்து ஸ்ப்ரே அடிச்சிருக்கேன், போதாக்குறைக்கு அந்த மண்புழு உரம் வேற, விதை முளைக்க உரமே தேவையில்ல. கவரை தூக்கிப் போட்டுட்டு, விழுந்ததை மண்ணோட வழிச்சு எடுத்துட்டு, ஃபேனை ஒண்ணுல வச்சு, அப்புறம் தண்ணி அடியிலேர்ந்து மட்டும்தான், தட்டுல 20 நிமிஷம் ஊற விட்டு மிச்சத்தைக் கொட்டிடுவேன். அழுகலைத் தடுக்கற டிரைக்கோடெர்மா விரிடிங்கற நல்ல பூஞ்சையும் தண்ணியில கலந்து ஊத்தினேன், ஆனா அது முன்னாடியே போட வேண்டியது, சாஞ்சதை எல்லாம் எழுப்பாது.

மிச்சம் 22. நவம்பர் 8 நாலு இன்ச் தொட்டிக்கு மாத்தினேன், ஆறு இலை வந்ததும் நுனி கிள்ளினேன், மனசே வரல. இலையைத் தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுச்சு, ஐயோ, சாறு உறிஞ்சி பிசின் விடற அசுவிணிப் பூச்சின்னு லென்ஸ் வச்சு தேடினா ஒண்ணும் இல்ல, பெட்டூனியா இலையே அப்படித்தானாம்.

இப்ப தினம் ரெண்டு மணி நேரம் மாடி சன்ஷேடுக்கு அடியில வச்சு வெயில் பழக்கறேன். இன்னிக்கு மறுபடி மழை, 22 தொட்டியும் ஹால்ல, அம்மா டிவி பாக்க தாண்டித் தாண்டிப் போறாங்க. ஒரே ஒரு செடியில மொட்டு மாதிரி ஏதோ தெரியுது. மிக்ஸ் பாக்கெட், என்ன கலரோ.