ரைகார்ட் நாட்குறிப்பு

நவம்பர் 3
இன்றிரவு 'ரிவர் ஆஃப் கிராஸ்' பார்த்தேன். அமெரிக்க இயக்குநர் கெல்லி ரைகார்டின் முதல் படம். ஃப்ளோரிடாவில், அவர் வளர்ந்த பக்கத்திலேயே எடுத்தது. 1994இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவுக்குப் போய்ப் பேசப்பட்டது. அடுத்த முழுநீளப் படமான 'ஓல்ட் ஜாய்' வந்ததோ 2006இல். நடுவில் 12 ஆண்டுகள்! கதை இல்லாமல் இல்லை, பணம் போட ஆள் இல்லை. தான் பெண் என்பதற்கு அதில் பெரிய பங்கு இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பெரிய ஸ்டுடியோக்களைச் சாராத அமெரிக்க சுயாதீன சினிமா கொடிகட்டிப் பறந்த காலம் அது. நினைத்தால் கோபம்தான் வருகிறது.

நவம்பர் 6
அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கில் நிலையான வீடுகூட இல்லாமல் நண்பர்கள் வீடுகளில் தங்கிக்கொண்டு, சூப்பர் 8 என்ற சின்ன ஃபிலிம் கேமராவில் 'ஓட்' என்ற படத்தை எடுத்தார். அப்புறம் பார்ட் கல்லூரியில் சினிமா கற்பிக்கும் வேலை. இதைச் சொன்னபோது சித்தப்பா, "வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டா எப்படிம்மா முழுநேர டைரக்டர் ஆக முடியும்?" என்றார். முடியும் சித்தப்பா. வீட்டு வாடகையைச் சம்பளம் பார்த்துக்கொள்வதால்தான் படத்தின் முடிவை மாற்றச் சொல்லி யாரும் அவரை மிரட்ட முடிவதில்லை. பகலில் கல்யாண வீடியோ எடிட் செய்துவிட்டு இரவில் திரைக்கதை எழுதும் எனக்கு இது வெறும் தகவல் இல்லை.

நவம்பர் 9
'வெண்டி அண்ட் லூசி' (2008). மூன்று லட்சம் டாலர் அளவில் எடுத்த படம். ஹாலிவுட் கணக்கில் இது ஒன்றுமே இல்லை.

வேலை தேடி அலாஸ்காவுக்குக் கிளம்பிய ஒரு பெண், அவளுடைய நாய், ஒரு பழைய ஹோண்டா கார். ஒரிகனில் ஒரு சிறு ஊரில் கார் நின்றுவிடுகிறது. கையில் இருக்கும் பணத்தை நோட்டில் எழுதி எழுதிக் கூட்டிப் பார்க்கிறாள். நாய்த் தீனி திருடிப் பிடிபடுகிறாள். போலீஸ் நிலையத்திலிருந்து திரும்புவதற்குள் நாயைக் காணவில்லை. கதை இவ்வளவுதான். ஆனால் கையில் காசு குறையக் குறைய ஒரு மனுஷிக்கு எத்தனை கதவுகள் மூடிக்கொள்கின்றன என்பதை நான் வேறெங்கும் இவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை. வயதான காவலாளி ஒருவர் தன்னிடமிருக்கும் சில டாலர்களை அவள் கையில் திணிக்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். எவ்வளவு குறைந்த பணம் அது! அதற்கு மேல் அவரிடமும் இல்லை.

லூசியாக நடித்தது ரைகார்டின் சொந்த நாய். 'ஓல்ட் ஜாய்'யிலும் அதுதான். திரைக்கதையை எழுத்தாளர் ஜான் ரேமண்டுடன் சேர்ந்து எழுதினார், எடிட்டிங் அவரே. இன்றுவரை தன் படங்களைத் தானே வெட்டுகிறார்.

நவம்பர் 13
'மீக்ஸ் கட்ஆஃப்' (2010). 1845இல் ஒரிகன் பாலைவெளியில் வழி தவறிய மாட்டு வண்டிக் கூட்டம். பரந்த நிலத்தை அகலத்திரையில் காட்டுவதுதான் வழக்கம். இவர் கிட்டத்தட்டச் சதுரமான பழைய சட்டகத்தை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்கள் போட்டிருக்கும் பெரிய தொப்பிகள் இருபக்கமும் பார்வையை மறைக்கும். நமக்கும் அவ்வளவுதான் தெரிகிறது. ஆண்கள் தள்ளி நின்று எந்தப் பக்கம் போவது என்று பேசுகிறார்கள். கேமரா பெண்களோடு நிற்பதால் பேச்சு அரைகுறையாகவே காதில் விழுகிறது. யார் முடிவெடுக்கிறார்கள், யார் தண்ணீரில்லாமல் நடக்கிறார்கள் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார். இது திரைக்கதையிலேயே தீர்மானிக்க வேண்டிய விஷயம். என் மூன்றாவது காட்சியை இந்தக் கண்ணோடு மறுபடி எழுத வேண்டும்.

நவம்பர் 14
எழுதினேன். மாமியார் மட்டும் பேசுகிறார் இப்போது.

நவம்பர் 20
'ஃபர்ஸ்ட் கவ்' 2020 மார்ச்சில் திரைக்கு வந்தது. சில நாட்களிலேயே கொரோனாவால் தியேட்டர்கள் மூடப்பட்டன. இவ்வளவு காலம் உழைத்தவருக்கு இப்படியா என்றிருந்தது. ஆனாலும் நியூயார்க் திரை விமர்சகர்கள் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த படமாக அதையே தேர்ந்தெடுத்தது.

நவம்பர் 24
'ஷோயிங் அப்' (2022) எனக்கு மிகவும் நெருக்கமானது. களிமண் சிலைகள் செய்யும் ஒரு பெண் கண்காட்சிக்குத் தயாராகிறாள். வாடகை வீட்டில் வெந்நீர் வரவில்லை, பகலில் அலுவலக வேலை, நடுவே அடிபட்ட ஒரு புறாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெந்நீருக்காக நச்சரிக்கிறாள், எரிச்சல்படுகிறாள், ஆனால் சிலைகளை மட்டும் விடுவதில்லை. கலைஞர் என்றால் போதையும் பைத்தியமுமாகக் காட்டும் படங்களே பார்த்துப் பழகிய நமக்கு இது எவ்வளவு ஆறுதல்!

2025இல் வந்த 'தி மாஸ்டர்மைண்ட்' கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. அதன் திரைக்கதையை அவர் தனியாகவே எழுதியிருக்கிறார். அதை அடுத்து பார்க்கப் போகிறேன், நோட்டும் பேனாவுமாக.