உள்ளாடைப் பெட்டி: பதிவேட்டு மேசையிலிருந்து

மார்ச் 4, 2024, திங்கள்

அருங்காட்சியகத்துக்கு வந்த பிரிட்டன், அமெரிக்க ஆண் உள்ளாடைகள், ஒரே பெட்டியில். கம்பளி இருப்பதால் பூச்சி இருக்கலாம். பாலிதீன் பையில் காற்றைப் பிழிந்து ஒட்டி, பூச்சி சாக மைனஸ் 30 டிகிரியில் 3 நாள். எடுத்தவுடன் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் விடாவிட்டால் துணிமேல் ஈரம் படியும். இடுப்பு ரப்பர் வெடித்திருக்கும் உருப்படிகளைக் குளிரில் வைக்கவில்லை, தனிப் பையில் கண்காணிப்பு.

மார்ச் 8, வெள்ளி

கம்பளியில் பின்னிய, சட்டையும் கால்சட்டையும் ஒன்றாய்ச் சேர்ந்த 'யூனியன் சூட்'. முழங்காலில் இழையோட்டிய தையல், அக்குளில் மஞ்சள் கறை. துவைக்கவே கூடாது. கிழிந்த உள்ளாடை வீட்டில் கரித்துணியாகிப் போகும்; அருங்காட்சியகம்வரை வந்து சேர்பவற்றில் கடையில் விற்காமல் தேங்கிய புதுசுகள் நிறைய. ஆகவே ஒட்டுப்போட்ட இந்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம். கறையின் இடம், நிறம், அளவு மூன்றையும் எழுதினோம். 'அழுக்கு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் பயனில்லை.

பெயரிடுவதில்தான் வம்பு. 'பேன்ட்ஸ்' பிரிட்டனில் உள்ளாடை, அமெரிக்காவில் கால்சட்டை. நாம் இன்றும் சொல்லும் 'டிராயர்' பழைய ஆங்கிலப் பட்டியல்களில் அப்படியே கிடைக்கும். 'பனியன்' என்று தேடினாலோ 18ஆம் நூற்றாண்டு ஆண்களின் தொளதொள வீட்டு அங்கிதான் வந்து நிற்கும்! அதனால் முதலில் வடிவம் (கால் நீளம், முன்திறப்பு, இடுப்புக் கட்டு), பிறகு பொருளிலேயே அச்சான பெயர், கடைசியில் நம் வகைப்பெயர்.

மார்ச் 11, திங்கள்

'ஒய்' வடிவ முன்பக்கமுள்ள ஜாக்கி ஜட்டி. கூட வந்த சீட்டில் '1920'. நடக்காத காரியம். அமெரிக்காவின் கெனோஷா நகரக் கூப்பர்ஸ் நிறுவனத்து ஜாக்கி, சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட் கடையில் விற்பனைக்கு வந்ததே 1935 ஜனவரி 19இல். பட்டையில் பருத்தி சதவீதம் அச்சாகியிருக்கிறது. இழை சதவீதத்தைக் குறிக்கச் சொல்லும் சட்டம் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது 1960. சலவைக் குறிப்பு இல்லை. அது கட்டாயமானது 1972. ஆக, '1960–1972, அநேகமாக'. 'அநேகமாக' ஏனென்றால் இல்லாததை வைத்துச் சொல்லும் சான்று எப்போதும் பலவீனம். ஆர்என் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அது நிறுவனத்தின் பதிவெண், தைத்த ஆண்டைச் சொல்லாது.

மார்ச் 13, புதன்

பிரிட்டிஷ் நீள டிராயர், 'சிசி41' முத்திரையுடன் (பிரிட்டிஷ் அரசின் போர்க்கால ஆடைத் திட்டத்து முத்திரை). உடனே 'போர்க்காலம்' என்று எழுதக் கை வரும். முத்திரை 1941 முதல் 1952 வரை ஓடியது. அந்த வரம்பைத்தான் எழுத வேண்டும். இடுப்பில் ரப்பர் இல்லை, பொத்தானும் நாடாவும்தான். 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் பிரிட்டனுக்கு ரப்பர் வரத்து வெகுவாகக் குறைந்தது. அங்கே ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டியவர்களில் பலர் நம் தமிழர்கள்.

புற ஊதா விளக்கில் துணி நீலமாக ஒளிர்ந்தது: சோப்புத்தூளில் உள்ள வெண்மையூட்டி. பின்னாளில் ஒருமுறை துவைத்திருந்தாலும் ஒளிரும், எனவே தைத்த காலத்துக்கு இது சாட்சியல்ல.

அளவு: தட்டையாக விரித்து இடுப்பு அகலம், இரட்டிப்பு. ரப்பர் இடுப்பை இழுத்து அளக்கவே கூடாது. 'தளர்ந்த நிலையில்' என்று குறிக்கவும். முன் இடுப்பிலிருந்து கவட்டை வழியாகப் பின் இடுப்புவரை ஓர் அளவு. பலர் விட்டுவிடுவது இதைத்தான், வெட்டின் வித்தியாசம் தெரிவதும் இதில்தான்.

மார்ச் 18, திங்கள்

பதிவு எண் எழுதிய பருத்தி நாடா, பின் இடுப்பின் உட்புறம், இரு முனையிலும் ஓரிரு தையல். பின்னல் துணியில் ஊசி கண்ணிகளுக்கு நடுவே நுழைய வேண்டும். இழையைக் குத்தினால் கண்ணி அறுந்து ஓடும். ரப்பர்மேல் தையல் கூடாது.

மடிப்புகளுக்குள் அமிலமற்ற தாள் உருளைகள். கம்பளிக்குக் காரம் சேர்க்காத தாள். ரப்பர் இளகி ஒட்டுமென்பதால் பாலியெஸ்டர் படலம் இடையில். செம்பு கலந்த பொத்தான் ரப்பரைத் தொடக் கூடாது, செம்பு ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். ஜாக்கி மட்டும் தனிப் பெட்டியில். 6 மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.